அந்நியனுக்கு ஜாமீன்

அப்பாவின் நண்பர் ஒருவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொடுத்துவிட்டு, நகரியத்துக்கு வெளியே இந்திரா நகரில் சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டு இருக்கிறார். எனக்கு அவர் பெரியப்பா. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனபோது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. விசா ஏற்பாட்டை விளக்கி முகவர் அனுப்பிய குறிப்பு அது.

"இதுல ஸ்பான்சர்னு ஒரு வார்த்தை வந்துக்கிட்டே இருக்கேப்பா, அதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார்.

புரவலர், ஆதரவாளர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நிறைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "ஜாமீன்னு சொல்லு. கம்பெனிக்காரன் இவனுக்கு ஜாமீன் நிக்கிறான். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். என் அகராதியைவிட அவருடைய சொல் சரியாக இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அப்ப, அந்தக் காலத்துல நம்மூருக்கு வந்த ஜெர்மன்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும் யாரு ஜாமீன் நின்னது?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த பதில் இந்தக் கட்டுரை.

*

அயல்நாட்டுத் தொழில் வல்லவரை அழைத்து வேலை வாங்குவது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில், புகார் நகரத்து அரசனின் பொழிலில் இருந்த மண்டபத்தைக் கட்டியவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. மகத நாட்டு வினைஞர், மராட்டத்துக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், யவனத் தச்சர் என்று நீளும் பட்டியல். சாத்தனார் அதோடு நிறுத்தவில்லை. அவர்கள் தமிழ் வினைஞரோடு கூடி அதைச் செய்தார்கள் என்கிறார். அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் யவனத் தச்சன் தன் உளியை எடுத்துக்கொண்டு கப்பலேறியதும் மண்டபத்தைப் பழுதுபார்க்கக்கூட ஆள் இருந்திருக்காது. நெய்வேலியின் கதையிலும் இந்தச் செய்திதான் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

நெய்வேலியின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கருநிறப் பொருள் ஒன்று வந்தது. அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1940களில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. பழுப்பு நிலக்கரி அடியில் இருப்பது உறுதியாயிற்று. ஆனால் அதை எடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

கரிப்படுகைக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்பாறையும். படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஆர்ட்டீசியன் நீர். சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தம் என்பது சுரங்கத்தார் சொல்லும் கணக்கு. மேல்மண்ணின் பாரத்தை அகற்றினால் அந்த நீர் கரியைப் பிளந்துகொண்டு மேலே வரும். சுற்றிலும் குழாய்க்கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே கரியைத் தொட முடியும். இறைப்பை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. இத்தகைய சுரங்கத்தை அதுவரை இந்தியாவில் யாரும் வெட்டியதில்லை.

ஆகவே வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். மூன்று அலைகளாக வந்தார்கள் என்று சொல்லலாம்.

முதலில் பிரித்தானியர். கொழும்புத் திட்டத்தின் உதவியோடு, 1950களின் நடுவில் பவல் டஃப்ரின் டெக்னிகல் சர்வீசஸ் என்ற நிறுவனம் திட்ட அறிக்கை தயாரித்தது. பவல் டஃப்ரின் என்பது வேல்ஸ் நாட்டின் பெரிய நிலக்கரிக் கம்பெனி. 1947 ஜனவரி 1 அன்று பிரிட்டன் தன் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியதும் கம்பெனியிடம் சுரங்கங்கள் இல்லை. சுரங்கம் வெட்டத் தெரிந்த ஆட்கள்தான் இருந்தார்கள். அந்த அறிவையே சரக்காக்கி உலகெங்கும் விற்கப் புறப்பட்டது. இழந்தவனுடைய அனுபவம்தான் நமக்கு முதல் வரைபடம் தந்தது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் கரி, அதை எரிக்க 250 மெகாவாட் மின்நிலையம், யூரியா தொழிற்சாலை, கரிக்கட்டி ஆலை என்று ஒருங்கிணைந்த திட்டம் உருவாயிற்று. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

அடுத்து சோவியத் நாட்டார். 1957 நவம்பரில் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு 50 கோடி ரூபிள் கடன் தர ஒப்புக்கொண்டது. ராஞ்சி கனரக எந்திர ஆலையோடு நெய்வேலி அனல்மின் நிலையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1962 மே மாதத்தில் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது.

மூன்றாவதாக மேற்கு ஜெர்மானியர். ரைன் நதிப் பகுதியின் பழுப்பு நிலக்கரி வயல்களில் பயன்பட்ட பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள், கன்வேயர்கள், மண்ணை வீசிக் கொட்டும் ஸ்ப்ரெடர்கள் எல்லாம் பாகம் பாகமாக வந்தன. கோக்க ஆட்களும் கூட வந்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. பெர்லினில் சுவர் எழுந்த 1961ஆம் ஆண்டில், நெய்வேலியில் ஜெர்மானியர் தோண்டும் கரியை எரிக்கச் சோவியத் நாட்டார் உலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

சரி, இவர்களுக்கு யார் ஜாமீன்?

விதையை 1949இல் பார்க்கலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று அந்நிய மூலதனம் குறித்து நேரு அரசியல் நிர்ணய சபையில் ஓர் அறிக்கை வைத்தார். தகுதியுள்ள இந்தியர் கிடைக்காத தொழில்நுட்பப் பதவிகளில் வெளிநாட்டவரை அமர்த்துவதை அரசு எதிர்க்காது. ஆனால் அந்தப் பதவிகளுக்கு இந்தியரை விரைவாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு பாதிகள் கொண்ட வாக்கியம் அது. முதல் பாதி கதவைத் திறக்கிறது. இரண்டாம் பாதி, உள்ளே வந்தவன் திரும்பிப் போகும் நாளையும் அப்போதே எழுதி வைக்கிறது.

சட்டப் பக்கம் வேறு. வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் 1939இலும் வெளிநாட்டவர் சட்டம் 1946இலும் வந்தவை. இரண்டும் வெள்ளை அரசு போரை ஒட்டி இயற்றியவை. அந்நியனைக் கண்காணிக்கப் பிறந்தவை. மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே பதிவு அதிகாரி. எனவே நெய்வேலிக்கு வந்த ஜெர்மானியரும் ரஷ்யரும் தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில் தங்கள் பெயரைப் பதிய வேண்டியவர்கள். ஆங்கிலேயர் நிலை வேறு. 1946 சட்டத்தில் 'வெளிநாட்டவர்' என்ற சொல்லுக்குள் பிரித்தானியப் பிரஜை வரவே இல்லை. 1957 திருத்தத்தில்தான், இந்தியக் குடிமகன் அல்லாத எவரும் வெளிநாட்டவர் என்று ஆயிற்று. அப்படியும் பிரித்தானியக் குடிமக்கள் இந்தியா வர விசா வேண்டும் என்ற விதி 1984இல்தான் வந்தது. நாட்டை ஆண்டவர்களுக்கு ஜாமீன் தேவைப்படாத காலம், சுதந்திரத்துக்குப் பின்னும் முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்திருக்கிறது.

வேலைக்கு அமர்த்துபவரின் பங்கு எங்கே இருந்தது? விசாவைவிட ஒப்பந்தத்தில் இருந்தது. அதோடு வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 'டெக்னீஷியன்' என்ற சொல்லுக்குத் தனி விளக்கம் தந்தது. கட்டுமானம், உற்பத்தி, சுரங்கம், மின் உற்பத்தி ஆகியவற்றில் சிறப்பறிவு உடையவர் என்று அது சொல்லும்போது நெய்வேலியை மனதில் வைத்து எழுதியதுபோலவே இருக்கிறது. அத்தகைய வெளிநாட்டவரின் சம்பளத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரி விலக்கு உண்டு. ஆனால் வேலை ஒப்பந்தத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இந்த ஆள் எதற்குத் தேவை, எத்தனை காலத்துக்கு என்று அரசுக்கு எழுதிக் கேட்டு வாங்குவதுதான் அன்றைய 'ஸ்பான்சர்' வேலை. நெய்வேலியில் கேட்ட நிறுவனமும் அரசுடையது, கொடுத்ததும் அரசு. பெரியப்பாவின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: அவர்களுக்கு இந்திய அரசே ஜாமீன்.

*

வந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாக வந்தார்களா? இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

ரைன் நதிக்கரையின் மேல்மண் மென்மையானது. எந்திரச் சக்கரத்தின் பக்கெட்டுகள் அதை வழித்தெடுத்துவிடும். நெய்வேலியில் இருந்தது கடலூர் மணற்பாறை. கெட்டியானது, உப்புத்தாள்போல் உரசித் தேய்க்கும் தன்மை உடையது. பக்கெட்டின் பற்கள் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. மழைக்காலம் வந்தால் நேர்மாறான தொல்லை: களிமண் பக்கெட்டிலும் பட்டையிலும் அப்பிக்கொண்டு விழ மறுக்கும். எந்திரம் செய்தவனுக்கு எந்திரம் தெரியும். இந்த மண் தெரியாது.

தீர்வு இங்கேதான் பிறந்தது. பாறையில் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்திய பிறகு எந்திரத்தை விடுவது, பற்களைக் கடினப்படுத்துவது, தேய்ந்ததை உடனுக்குடன் மாற்றுவது என்று ஒரு நடைமுறை மெல்ல உருவாயிற்று. தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1961 ஆகஸ்டில்தான் கரி முகம் காட்டியது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ள வேண்டிய இடம் அது.

பெரியப்பா சுரங்கத்தில் ஹெல்பராகச் சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. எந்திரம் கோக்கும் இடத்தில் வேலை. "அவனுக்கு நம்ம பேச்சு தெரியாது, நமக்கு அவன் பேச்சு தெரியாது. ஸ்பானரைக் காட்டுவான், எடுத்துக் குடுப்போம். தப்பானதை எடுத்துக் குடுத்தா தலையாட்டுவான், திட்ட மாட்டான்" என்பார். போல்ட்டைச் சரியான அளவு முடுக்கும்போது வரும் ஓசையைக் கேட்டே கண்டுபிடிக்க அந்த மனிதரிடம் கற்றதாகச் சொல்வார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அறிவு அது. ஒப்பந்தங்களில் 'பயிற்சி' என்று ஒரு சொல்லில் முடிந்துபோகும் விஷயம், களத்தில் இப்படித்தான் கைமாறியிருக்கிறது.

இதே காலத்தில் ரூர்கேலா உருக்காலையில் ஜெர்மானியர் பெருந்திரளாகத் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையையும் உரசல்களையும் பற்றி யான் போடோ ஸ்பெர்லிங் என்ற ஜெர்மானியர் 1960களில் ஒரு புத்தகமே எழுதினார். சென்னையில் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யிலும் ஜெர்மானியப் பேராசிரியர்கள் சில ஆண்டுகள் இருந்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தன் தேவையைத் தானே இல்லாமல் ஆக்கிவிட்டுப் போவதுதான் அந்தத் தலைமுறை நிபுணனின் வேலை. நெய்வேலியில் அது நடந்தது. 1980களில் இரண்டாம் சுரங்கம் வளர்ந்தபோது, அதை நடத்தத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையத்தை உள்ளூர்க் கைகளே பல பத்தாண்டுகள் ஓட்டி, 2020இல் ஓய்வு கொடுத்தன.

*

இன்று ஒரு நிறுவனம் வெளிநாட்டு வல்லுநரை இந்தியாவுக்கு அழைக்க வேண்டுமானால் என்ன செய்யவேண்டும்? இன்றைய நடைமுறையின் உருவம் 2009ஐ ஒட்டி இறுகியது. அதற்கும் ஒரு மின்நிலையக் கதை உண்டு. இந்தியாவின் பல இடங்களில் சீன நிறுவனங்கள் மின்நிலையங்கள் கட்டிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வணிக விசாவில் வந்து கட்டுமான வேலை செய்வது தெரியவந்தது. 2009 அக்டோபர் 31க்குள் திரும்பிச் சென்று, முறையான வேலை விசாவில் வரவேண்டும் என்று அரசு அறிவித்தது. 2010இல் மின்சாரம், உருக்கு ஆகிய துறைகளுக்கென்றே 'புராஜெக்ட் விசா' என்ற புதுவகை வந்தது.

அதன் பின் வகுத்த நெறிமுறைகளின் சாரம் இது. அழைக்கும் நிறுவனம் இந்தியாவில் பதிவானதாக இருக்கவேண்டும். அழைக்கப்படுபவர் உயர்திறன் உடையவராக இருக்கவேண்டும். தகுதியான இந்தியர் நிறையக் கிடைக்கும் வேலைக்கும் சாதாரண எழுத்தர் வேலைக்கும் விசா இல்லை. சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. முதலில் ஆண்டுக்கு 25,000 டாலர் என்று இருந்தது, பின்னர் 16.25 லட்சம் ரூபாய் என்று மாறியது. குறைந்த கூலிக்கு ஆள் இறக்குவதைத் தடுப்பது அதன் நோக்கம். தம் நாட்டுச் சமையல் செய்யும் சமையற்காரர், ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் போன்றோருக்கு வரம்பிலிருந்து விலக்கு. நாக்குக்கும் சொல்லுக்கும் விலை நிர்ணயிக்க முடியாது என்று அதிகாரிகளுக்கும் தோன்றியிருக்கிறது.

விசாவை அவர் தம் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெறவேண்டும். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாட்களுக்குள் பதிவு. ஆண்டுதோறும் நீட்டிப்பு. இவற்றோடு ஒரு வரி. இந்தியாவில் இருக்கும்வரை அவருடைய நடத்தைக்கும், காலம் முடிந்ததும் அவர் வெளியேறுவதற்கும் அழைத்த நிறுவனமே பொறுப்பு. பெரியப்பா சொன்ன 'ஜாமீன்' இங்கே சட்டமொழியிலேயே வந்துவிடுகிறது. 1939, 1946 சட்டங்கள் இன்று இல்லை. 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அவற்றை நீக்கி, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்நியனுக்கு உள்ளூரில் ஒருவர் பதில் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எல்லாச் சட்டங்களையும் தாண்டி நிற்கிறது.

1949 அறிக்கையையும் இந்த நெறிமுறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. கதவைத் திறக்கும் முதல் பாதி அப்படியே இருக்கிறது; சொல்லப்போனால் இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. வந்தவன் யாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற இரண்டாம் பாதியைத்தான் தேடவேண்டியிருக்கிறது. சம்பள வரம்பை அளக்கலாம், நாட்களை எண்ணலாம். ஸ்பானரைக் காட்டியவனுக்கும் எடுத்துக் கொடுத்தவனுக்கும் இடையில் நடந்ததை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

ஜாமீனுக்கு மறுபக்கமும் உண்டு. ஜாமீன் நிற்பவன் கையில் கயிறும் இருக்கும். இந்திய வேலை விசாவில் வந்தவர், சில விலக்குகள் நீங்கலாக, அதே விசாவில் வேறு முதலாளியிடம் மாற முடியாது. தமிழனுக்கு இந்தக் கயிறு பழக்கமானதுதான். இலங்கையின் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் கைக்கு ஒரு தாள் உண்டு; அதற்குத் 'துண்டு' என்றே பெயர். கடன் தீர்ந்தால் இவரை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்துரை வேலைக்கு எடுப்பார். தொழிலாளி இடம் மாறும்போது அவருடைய கடனும் கூடவே மாறும். 1921இல் அதைச் சட்டம் ஒழித்தது. இன்றைய விசாவையும் அன்றைய துண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிதன் ஒரு நாட்டில் இருக்கும் உரிமை இன்னொருவரின் கையெழுத்தில் தொங்கும்போது, துண்டின் நிழல் அங்கே கொஞ்சம் விழத்தான் செய்கிறது.

*

பேரன் ஜெர்மனிக்குப் போனது புளூ கார்டு என்ற அனுமதியில். வேலை ஒப்பந்தம், கல்வித் தகுதி, சம்பள வரம்பு ஆகியவையே அதற்கும் அடிப்படை. 2025இல் வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு இன்னும் குறைவு. முதல் ஓராண்டுக்குள் வேலை மாறினால் அதிகாரிகள் தடுக்கலாம்; அதன் பிறகு கயிறு தளர்ந்துவிடும். 2024 அக்டோபரில், இந்தியத் திறனாளர்களுக்குத் தரும் விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி அறிவித்தது. அறுபது ஆண்டுகளில் திசை மாறிவிட்டது. எந்திரம் கோக்க ஆள் அனுப்பிய நாடு இப்போது ஆள் கேட்கிறது. எந்திரங்களின் தாயகமான ரைன் நிலக்கரி வயல்களில் 2030க்குள் கரி எரிப்பதை நிறுத்திவிட 2022இல் முடிவாயிற்று. அங்கும் சுரங்கம் கிராமங்களை விழுங்கியிருக்கிறது. 2023 ஜனவரியில் லூட்சராட் என்ற சிற்றூரைக் காலி செய்தபோது போராடியவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

அதே 2023 ஜூலையில் நெய்வேலிக்கருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டி எந்திரங்கள் இறங்கியதையும் பார்த்தோம்.

இங்கேதான் பெரியப்பாவின் கேள்விக்கு நான் சொல்லத் தவறிய மற்றொரு பதில் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த அந்நியருக்கெல்லாம் தாள் இருந்தது. எதற்கு வந்தான், எத்தனை காலம் இருப்பான், யார் பொறுப்பு, எப்படித் திரும்புவான் என்று அதில் எழுதியிருந்தது. இந்த மண்ணிலேயே பிறந்து, நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது. அதில் சர்வே எண்ணும் ஏக்கரும் இழப்பீட்டுத் தொகையும் மட்டுமே இருந்தன. அவர்கள் எங்கே போவார்கள், அவர்களுக்கு யார் ஜாமீன் என்பதற்கு அதில் இடமே விடவில்லை. சிலருக்கு வேலை கிடைத்தது. கிடைக்காதவர்கள் இருந்தார்கள். கிடைத்தவர்களில் பெரியப்பா ஒருவர். அவர் வீட்டு முந்திரித்தோப்பு இருந்த இடம் இன்று சுரங்கத்துக்குள் இருக்கிறது.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பேரன் தொலைபேசியில் வந்தான். அங்கே ஒரு வயதான ஜெர்மானியர் தனக்கு வேலை சொல்லித்தருவதாகவும், தப்புச் செய்தால் தலையை மட்டும் ஆட்டுவதாகவும் சொன்னான். பெரியப்பா சத்தமாகச் சிரித்தார். "கத்துக்கிட்டு வா" என்றார். சற்றுப் பொறுத்து, "வந்தா சொல்லிக்குடுக்க இங்க ஆள் இருக்கணும்" என்று என்னிடம் சொன்னார்.